கோடு போட்ட சட்டையும் கை மாறிய கட்டும்

ஒரே வீட்டில், ஒரு துணித்திரைக்கு இந்தப் பக்கம் தங்கையும் அந்தப் பக்கம் அண்ணனும் இருக்கும்போது, நடுவில் தூது போக எத்தனை ஆள் வேண்டும் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மட்டும் மூன்று பேர் வந்துவிட்டார்கள். முதலில் அம்மா, அப்புறம் கேமரா பிடிக்கிற நெட்டை, கடைசியாக நெட்டை அனுப்பிய கதாநாயகப் பையன். மூன்று பேருக்கும் அவள் ஒரே பதிலைத்தான் சொன்னாள்.

"கேக்க வேண்டியவனுக்கு வாய் இருக்குல்ல? அவனே வந்து கேக்கட்டும்."

கேட்க வேண்டியவன் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். இருமல் சத்தம் வந்தது, நாற்காலி நகர்கிற சத்தம் வந்தது. வாயிலிருந்து மட்டும் ஒரு வார்த்தை வரவில்லை.

அந்த வீடு ஒரு சலவைக்கடையின் முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது. முன்னால் கடை, அதில் தேய்க்கிற மேசை, மடித்த துணி அடுக்கும் அலமாரி, மேலே கம்பியில் தொங்கும் சட்டைகள். பின்னால் இரண்டு அறை. நடுவில் கதவு கிடையாது, ஒரு பழைய படுக்கை விரிப்பைத்தான் தொங்கவிட்டிருந்தார்கள். அப்பா லாரி ஓட்டுகிறவர், வீட்டில் இருக்கிற நாளைவிட சாலையில் இருக்கிற நாள் அதிகம். கடை அம்மாவுடையது. அண்ணனும் தங்கையும் ஒரே கல்லூரி. அவன் கடைசி வருஷம், அவள் இரண்டாம் வருஷம். வகுப்பு விட்டு வந்தால் அவள் தேய்ப்பாள். அவன் சினிமாவைப் பற்றிப் பேசுவான். பத்தாம் வகுப்பிலிருந்தே அவனுக்கு வீட்டில் டைரக்டர் என்று பேர். அம்மா கிண்டலாக வைத்த பேர்தான், அவன் அதை நிஜமாகவே எடுத்துக்கொண்டுவிட்டான்.

அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பேர். சின்ன வயதிலிருந்து அம்மாவோடு துணி பிரித்துப் பிரித்துக் கண் அப்படிப் பழகிவிட்டது. ஒரு சட்டையைத் தூரத்தில் பார்த்தாலே யாருடையது, எந்தப் பொத்தானை மாற்றித் தைத்தது, காலர் எந்தப் பக்கம் நைந்தது என்று சொல்லிவிடுவாள். மனிதர்களையும் அப்படித்தான் பார்ப்பாள். பேராசிரியர் நேற்று எந்தக் கையில் சுண்ணாம்புக்கட்டி பிடித்தார் என்று கேட்டால் சொல்வாள். இப்படி ஒருத்தி கூடவே இருப்பது சுகமான காரியம் இல்லை, அது அவளுக்கே தெரியும்.

போன வருஷம் நடந்ததை இங்கே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் இவள் என்னவோ பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று அடம்பிடிக்கிறாள் என்று நினைத்துவிடுவீர்கள்.

கல்லூரிகளுக்கு நடுவே வருஷா வருஷம் ஒரு குறும்படப் போட்டி நடக்கும். வெள்ளிக்கிழமை தலைப்பு கொடுப்பார்கள். சனியும் ஞாயிறும் படம் எடுத்து, திங்கள் காலையில் கொடுத்துவிட வேண்டும். போன வருஷம் அண்ணன் அவளையும் குழுவில் சேர்த்துக்கொண்டான். ஒரு காட்சிக்கும் அடுத்த காட்சிக்கும் நடுவில் எதுவும் மாறிவிடாமல் பார்த்துக்கொள்கிற வேலை. கதாநாயகன் கதவைத் திறக்கும்போது தோளில் பை இருந்தால், உள்ளே வரும்போதும் அதே தோளில் அதே பை இருக்க வேண்டும். உப்புக்குச் சப்பாணியாக நிற்கிற வேலை என்று மற்றவர்கள் நினைத்தார்கள். அவளுக்கோ அந்த முதல் நாள் காலை மாதிரி ஒரு சந்தோஷம் அதுவரை வாழ்க்கையில் வந்ததில்லை. இத்தனை நாள் எல்லாரையும் எரிச்சல்படுத்திய கண்ணுக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டதே.

அந்தப் படத்தில் கதாநாயகனுக்குக் கையில் அடிபட்டுக் கட்டுப் போட்டிருக்கும். வலது கை. சாப்பிட்டு வந்த பிறகு கட்டை அவிழ்த்துக் கட்டியவர்கள் இடது கையில் கட்டிவிட்டார்கள். அவள் உடனே சொன்னாள். அண்ணன் ஏதோ பெரிய யோசனையில் இருந்தான். அத்தனை பேர் முன்னாலும், "கொஞ்சம் வாய மூடறியா? நீ படம் எடுக்க வந்தியா, குத்தம் கண்டுபிடிக்க வந்தியா?" என்றான். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

படத்தைத் திரையிட்டபோது, கதாநாயகனின் அம்மா சாகிற காட்சியில் அரங்கமே சிரித்தது. வலது கையில் இருந்த கட்டு இடது கைக்குப் போய், அங்கிருந்து மறுபடி வலது கைக்கு வந்திருந்தது. நடுவர் ஒருவர் மைக்கைப் பிடித்து, "இந்தப் படத்துல நல்லா ஓடியாடி நடிச்சது அந்தக் கட்டுதான்" என்றார்.

அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. வெளியே வந்ததும் குழுவில் எல்லாரும் அண்ணனைப் பிடித்துக்கொண்டார்கள். அவன் கொஞ்ச நேரம் விழித்தான். பிறகு, "அதப் பாக்க வேண்டியது தங்கச்சி வேலை. அவ கவனிக்கல" என்று சொன்னான். குதிரை கீழே தள்ளியது போதாதென்று குழியும் பறித்தது என்பார்களே, அதுதான். அன்றிலிருந்து, பூதக்கண்ணாடிக்குக் கட்டு மட்டும் கண்ணில் படவில்லையாம் என்று கல்லூரி முழுக்க ஒரே பேச்சு. அவளுக்கென்று இருந்தது அந்த ஒரு பேர்தான். அதைத்தான் அவன் எடுத்துக் கூட்டாளிகளுக்கு முன்னால் போட்டு உடைத்தான்.

இப்போது மறுபடி போட்டி. அவனுக்கு இது கடைசி வருஷம். கண்காணிக்கிற வேலைக்கு ஆள் கிடையாது, ஏனென்றால் அந்த வேலையை எவனும் வேலையாகவே நினைப்பதில்லை.

"நீ போனாத்தான் என்ன? கூடப் பொறந்தவன்தான?" என்றாள் அம்மா, பாவாடை ஒன்றைத் திருப்பிப் போட்டபடி.

"போறேன். போன வருஷம் நான் சொன்னேன், அவன்தான் கேக்கலன்னு அவங்க எல்லார்கிட்டயும் சொல்லட்டும். அடுத்த நிமிஷம் வர்றேன்."

அம்மா திரையைப் பார்த்து, "கேட்டியாடா?" என்றாள்.

"பழசையெல்லாம் இப்ப எதுக்கும்மா கிளறணும்?" என்றது திரை.

"பாத்தியா? அவனுக்கு அது பழசாம்."

"மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடி. எனக்கு வேற வேலையே இல்ல பாரு" என்று அம்மா எழுந்து போய்விட்டாள்.

சனிக்கிழமை காலை எதிர்ப்புறம் இருந்த டீக்கடையில் படப்பிடிப்பு ஆரம்பித்தது. ஊரில் எத்தனையோ டீக்கடை இருக்க, இந்தப் புத்திசாலிக்குக் கண் எதிரே இருப்பதுதான் கிடைத்தது. அந்தப் பக்கம் திரும்பவே கூடாது என்று அவள் முடிவு செய்திருந்தாள். ஆனால் தேய்க்கிற மேசையைத் திருப்ப முடியாது, மின்சார ப்ளக் அந்த மூலையில் மட்டும்தான் இருந்தது. முதுகைக் காட்டிக்கொண்டு தேய்க்கவும் முடியாது. ஆகையால் பார்க்காமல் பார்த்தாள்.

இந்த வருஷத் தலைப்பு 'தாமதம்'. முதல் வேலைக்கு நேர்முகத் தேர்வுக்குப் போகிற ஒருவன் டீக்கடையில் நிற்கிறான். நிமிஷத்துக்கு ஒரு தடவை கடிகாரத்தைப் பார்க்கிறான். யாரோ மோதி, சட்டையில் டீ கொட்டிவிடுகிறது. வீட்டுக்குப் போய் மாற்றினால் நேரமாகிவிடும். கறையோடு போவதா, போகாமலே இருப்பதா? கதை நன்றாகத்தான் இருந்தது. அதுவே அவளுக்கு இன்னும் கடுப்பாக இருந்தது.

கதாநாயகன் வெயிலில் வந்து நின்றபோதுதான் அவள் கை நின்றது. வெளிர் நீலத்தில் மெல்லிய சிவப்புக் கோடு போட்ட சட்டை. மூன்றாவது பொத்தான் மட்டும் வேறு நூல். அந்தப் பொத்தானைத் தைத்தவளே அவள்தான். அது இன்சூரன்ஸ் ஆபீஸ்காரருடைய சட்டை.

தேய்ப்புப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுத் தெருவைத் தாண்டிப் போய், அண்ணனைத் தனியாக இழுத்தாள்.

"அது யார் சட்டை?"

"ஹீரோ சட்டை."

"என்கிட்டயே சொல்றியா? நேத்து துவைச்சுக் காயப் போட்டதே நான்தான்."

"மெதுவாப் பேசு. அவர் திங்கக்கிழமைதான வாங்க வருவாரு? அதுக்குள்ள இன்னொரு தடவ துவைச்சுத் தேய்ச்சு வெச்சுட்டா அவருக்கு எப்படித் தெரியும்?"

"நாளைக்கு டீ கொட்டணுமே. அது எது மேல கொட்டப் போகுது?"

அவன் நெட்டையைப் பார்த்து ஏதோ கை காட்டினான். பிறகு இவள் பக்கம் திரும்பி, "டீக்கறை போயிடும்ல? நம்ம வீடே சலவைக்கடைதான?" என்றான்.

இதற்கு மேல் என்ன பேசுவது? இருபது வயதுக்கு மேல் ஆனவன், சலவைக்கடையில் பிறந்து வளர்ந்தவன், டீக்கறை போய்விடுமா என்று கேட்கிறான். அவள் தலையில் அடித்துக்கொண்டு கடைக்குத் திரும்பினாள். அம்மா ஊருக்கு வெளியே இருக்கும் விடுதிக்குப் படுக்கை விரிப்புகளைக் கொடுக்கப் போயிருந்தாள், திரும்பச் சாயங்காலம் ஆகும். வந்ததும் சொல்லிவிடுவது என்று அவள் தீர்மானித்தாள்.

அம்மா வருவதற்குள் இன்சூரன்ஸ்காரர் வந்துவிட்டார்.

சாயங்காலம் படப்பிடிப்பு முடிந்து அண்ணன் அப்போதுதான் உள்ளே போயிருந்தான். சட்டை அவன் பைக்குள் கிடந்தது. இன்சூரன்ஸ்காரர் ஒவ்வொரு வாரமும் துணி போடுகிறவர், மடிப்பு கத்தி மாதிரி நிற்க வேண்டும் என்பார், நின்றால் நன்றாக இருக்கிறது என்றும் வாய்விட்டுச் சொல்வார்.

"நாளைக்கு மத்தியானம் வெளியூர் போறேன்மா. அந்தக் கோடு போட்ட சட்டை மட்டும் ரெடியா இருந்தாக் குடு."

திரையின் ஓரத்தில் ஒரு கை நீண்டு, இல்லை இல்லை என்று ஆடியது. "நாளைக்குன்னு சொல்லு" என்று மூச்சுக்காற்றில் ஒரு குரலும் வந்தது.

சொல்வதற்கு அது ஒன்றும் பெரிய பொய் இல்லை. துவைக்கப் போயிருக்கு, இன்னும் காயல, நாளைக்கு வாங்க. சலவைக்கடையில் தினமும் சொல்கிற பொய்தான், அம்மாவே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். ஆனால் நாளைக்கு அந்தச் சட்டையில் டீ கொட்டியிருக்கும். அதற்கு மறுநாள் எந்தப் பொய்யைச் சொல்வது?

"சார், உங்க சட்டைய இன்னைக்கு வேற ஒருத்தர் போட்டுட்டாங்க" என்றாள். "தப்புதான். நான் இப்பவே துவைச்சு, காலையில உங்க வீட்டுக்கே கொண்டு வந்து தர்றேன்."

அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் சுருங்கிவிட்டது.

"என் சட்டைய இன்னொருத்தன் போட்டானா? நீதான கடையில இருக்க? கவனிக்கிறதுதான உன் வேலை?"

கவனிக்கவில்லை. மறுபடியும் அதே பழி, அவள் தலையிலேயே. அவளுக்குக் கண் எரிந்தது. தேய்ப்புப் பெட்டியின் பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். திரைக்குப் பின்னால் சத்தமே இல்லை. இருக்காது, அவன் எப்போது வந்திருக்கிறான் என்று நினைத்தாள்.

திரை விலகியது. அண்ணன் சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றான்.

"இவ இல்ல சார். நான்தான் கேக்காம எடுத்தேன். படம் எடுக்கறதுக்கு. இவளுக்கே அப்புறம்தான் தெரியும்."

இன்சூரன்ஸ்காரர் அவனை மேலும் கீழும் பார்த்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "என் மத்தத் துணியெல்லாம் எடும்மா" என்றார். தேய்த்தது, தேய்க்காதது எல்லாவற்றையும் மூட்டையாகக் கட்டி வாங்கிக்கொண்டார். "இந்தச் சட்டை காலையில வீட்டுக்கு வரணும். அதோட சரி. இனிமே இங்க போடறதா இல்ல."

அவர் படி இறங்கும்போது அம்மா ஏறிக்கொண்டிருந்தாள். ஈரம் காயாத கால்சட்டை மூட்டையிலிருந்து தொங்குவதைப் பார்த்ததுமே அவளுக்கு ஏதோ தெரிந்துவிட்டது. உள்ளே வந்து முழுவதையும் கேட்டாள். கேட்டு முடித்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"கடைத்தேங்காய எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைச்ச கதையால்ல இருக்கு" என்றாள். "இந்தக் கடையில ஒருத்தன் துணியக் குடுக்கறான்னா எதுக்குக் குடுக்கறான்? வெள்ளையா வரும்னா? வெள்ளையா எல்லாரும்தான் துவைக்கறாங்க. போட்டதும் குடுத்ததும் ஒண்ணா இருக்கும்னுதான் குடுக்கறான்."

"தப்புதாம்மா."

"படம் எடுடா, நான் வேணாங்கல. உன் சட்டையப் போட்டு எடு."

டீ கொட்டினால் கேமராவில் தெரிகிற மாதிரி அவனிடம் நல்ல சட்டை ஒன்றுதான் இருந்தது. தந்த நிறம். அடுத்த வாரம் வேலைக்கான நேர்முகத் தேர்வுக்கென்று அப்பா வாங்கிக் கொடுத்தது. பெட்டிக்குள் பிரிக்காமல் கிடந்தது. அம்மா அதை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டுச் சமைக்கப் போனாள்.

சாப்பிடும்போது அவன் தட்டைப் பார்த்துக்கொண்டே, "நாளைக்கு வர்றியா?" என்றான்.

"கேக்கறது நீயா, அம்மாவா?"

"நான்தான் கேக்கறேன்."

அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. சரி என்று சொல்ல நாக்கு துடித்தது. ஆனாலும் ஒரு வருஷமாகச் சுமந்ததை அவ்வளவு சுலபத்தில் இறக்கி வைக்க முடியுமா?

"யாரோ ஒருத்தர் முன்னாடி இன்னைக்கு உண்மையச் சொல்லிட்ட. நல்லது. உன் கூட்டாளிங்க முன்னாடி சொல்லுவியா?"

அவன் சோற்றை இந்தப் பக்கம் தள்ளினான், அந்தப் பக்கம் தள்ளினான். "அவங்க இப்பத்தான் என்னை டைரக்டர்னு கொஞ்சம் மதிக்கறாங்க" என்றான். "பாக்கலாம்."

"அப்ப நானும் பாக்கறேன். கடையிலிருந்து."

மனிதர்களில் சிலர் இருக்கிறார்கள். கிணற்றைத் தாண்டச் சொன்னால் முக்கால் கிணறு தாண்டிவிட்டு, மீதியை நாளைக்குத் தாண்டுகிறேன் என்பார்கள். அவன் அந்த ரகம். அவள் எழுந்து கையைக் கழுவினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சட்டையைக் கத்தி மாதிரி மடிப்போடு இன்சூரன்ஸ்காரர் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தாள். வாங்கினார், பொத்தான்களைத் தடவிப் பார்த்தார், கதவைச் சாத்திக்கொண்டார். திரும்பி வந்தபோது டீக்கடையில் மறுபடி எடுக்க ஆரம்பித்திருந்தார்கள். கதாநாயகன் தந்த நிறச் சட்டையில் இருந்தான். நேற்று எடுத்ததில் சட்டை தெரிகிற காட்சிகளை மட்டும் திரும்ப எடுப்பது, முகம், டீ கிளாஸ், கடிகாரம் கட்டிய கை, இப்படிக் கிட்டத்தில் எடுத்ததையெல்லாம் அப்படியே வைத்துக்கொள்வது என்று நெட்டை தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி விளக்கிக்கொண்டிருந்தான். அண்ணன் ஒரு தடவை கடைப் பக்கம் பார்த்தான். அவள் குனிந்து தலையணை உறையைத் தேய்த்தாள்.

சாயங்காலம் கடைசிக் காட்சிக்கு முன்னால் எல்லாரும் பஜ்ஜி சாப்பிட்டார்கள். கதாநாயகன் கை கழுவுவதற்காகக் கடிகாரத்தைக் கழற்றினான். திரும்பக் கட்டும்போது அவன் கையில் ஈரம். நெட்டை எதிரே நின்றுகொண்டு, கைக்கு எட்டிய கையை இழுத்துக் கட்டிவிட்டான். எதிரே நிற்கிறவனுக்கு இடம் வலமாகத்தானே தெரியும்?

அவள் அப்போது உள்ளே துணி எடுக்கப் போயிருந்தாள். வெளியே வந்தபோது கடைசிக் காட்சிக்கு எல்லாம் தயார். சூரியன் எதிர்க் கட்டடத்தின் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. கதாநாயகன் கிளாஸோடு நிற்கிறான், மோத வேண்டிய பையன் தெருமுனையில் நிற்கிறான். சட்டை ஒன்றே ஒன்றுதான். கொட்டினால் கொட்டியதுதான், இரண்டாவது தடவை என்ற பேச்சே கிடையாது. மோதி, டீ கொட்டி, அவன் குனிந்து கறையைப் பார்த்து, கடிகாரத்தைப் பார்த்து, நடக்க ஆரம்பிக்க வேண்டும். அதோடு படம் முடிகிறது.

கடிகாரம் வலது கையில் இருந்தது.

நேற்று முழுக்க அது இடது கையில் இருந்தது. நிமிஷத்துக்கு ஒரு தடவை அவன் பார்த்தது இடது கையை. போன வருஷம் கட்டு, இந்த வருஷம் கடிகாரம். வலது கை எது, இடது கை எது என்று தெரியாத ஒரு கூட்டம் வருஷா வருஷம் படம் எடுக்கக் கிளம்பிவிடுகிறது. 

சும்மா இருந்துவிடலாம். இந்தத் தடவை அவள் குழுவிலேயே இல்லை. திங்களோ செவ்வாயோ அரங்கம் சிரிக்கும். நடுவர் மைக்கைப் பிடிப்பார். யார் கவனிக்கவில்லை என்று கேட்டால், அவன் யார் பேரைச் சொல்வான்? சொல்ல ஆள் இருக்காது. அவள் பேர் தானாகவே சுத்தமாகிவிடும். ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை, தலையணை உறையைத் தேய்த்துக்கொண்டு நின்றாலே போதும்.

தேய்த்தாள். பாதி உறைகூடத் தேய்த்திருக்கமாட்டாள்.

"சே, என் தலையெழுத்து" என்று பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். அதற்குள் எதிரே அண்ணன் கையைத் தூக்கிவிட்டான். அவள் தெருவை ஓடித் தாண்டினாள்.

"நிறுத்து. எடுக்காத."

தெருமுனையில் கிளம்பிய பையன் பாதியில் நின்றான். நெட்டை கேமராவிலிருந்து கண்ணை எடுத்தான். "வந்தாச்சுப்பா பூதக்கண்ணாடி. வெளிச்சம் போயிட்டிருக்கு, இப்பத்தான் வரணுமா?" என்றான். இன்னொருவன், "போன வருஷம் தேவைப்பட்டப்பக் கண்ணு தெரியல, இந்த வருஷம் வேணாங்கறப்ப நல்லாத் தெரியுது" என்றான். இரண்டு பேர் சிரித்தார்கள். கதாநாயகன், டீ ஆறுதுப்பா என்றான். ஆளாளுக்குப் பேச ஆரம்பித்தார்கள்.

அண்ணன் கட்டடத்துக்கு மேலே வெளிச்சத்தைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். அந்த முகம் அவளுக்குத் தெரியும். போன வருஷம் அதே மாதிரி வாயைத் திறப்பதற்கு முன்னால் அவன் தாடை இறுகியதை அவள் பார்த்திருக்கிறாள். இப்போதும் இறுகியது.

"வாய மூடுங்கடா எல்லாரும்" என்றான். "அவ சொல்லட்டும்."

எல்லாரும் வாயை மூடினார்கள். அவன் அதோடு நிறுத்தவில்லை. கீழே பார்த்துக்கொண்டு, மனப்பாடம் மறந்துபோன பையன் மாதிரித் திக்கித் திக்கிச் சொன்னான். "போன வருஷமும் சொன்னா. கட்டு கை மாறுதுன்னு அப்பவே சொன்னா. நான்தான் வாய மூடச் சொன்னேன். அப்புறம் உங்ககிட்ட அவ கவனிக்கலன்னு சொன்னது நான்தான். பொய்." நிமிர்ந்தான். "இப்ப என்ன தப்பு?"

ஒரு வருஷமாக அவள் மனசுக்குள் இந்த இடத்தில் பேசுவதற்கு எவ்வளவோ வைத்திருந்தாள். அதில் ஒன்றும் அந்த நேரத்துக்கு ஞாபகம் வரவில்லை. 

"வாட்ச் வலது கையில இருக்கு. நேத்து இடது கை" என்றாள்.

எல்லார் கண்ணும் கதாநாயகன் கைக்குப் போனது. அவனும் தன் கையை யாருடையதோ மாதிரிப் பார்த்தான். நெட்டை போய்க் கடிகாரத்தைக் கழற்றினான். மறுபடி எதிரே நின்றுகொண்டே கட்டப் போனான். அவள் அவன் கையிலிருந்து பிடுங்கி, கதாநாயகனுக்குப் பக்கத்தில் போய் நின்று, தானே கட்டினாள். நேற்று கடிகாரத்தின் முகம் மணிக்கட்டின் உள்பக்கம் பார்த்திருந்தது, அதையும் திருப்பிவிட்டாள்.

"சாரிம்மா" என்றான் நெட்டை.

"அத அப்புறம் பாத்துக்கலாம், வெளிச்சம் போகுது. சூடா வேற டீ வாங்கு. ஆறின டீயில ஆவி வராது."

எடுத்தார்கள். பையன் மோதினான். டீ நெஞ்சில் கொட்டித் தந்த நிறத்தில் பழுப்பாக இறங்கியது. கதாநாயகன் நிஜமாகவே சூடு தாங்காமல் ஒரு துள்ளுத் துள்ளிவிட்டுக் கறையைப் பார்த்தான், இடது கையைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்தான், நடந்தான். கட்டடத்துக்குப் பின்னால் சூரியன் போய்விட்டது.

யாரும் கை தட்டவில்லை. எல்லாரும் டைரக்டரைப் பார்த்தார்கள். டைரக்டர் தங்கையைப் பார்த்தான்.

"சரியா இருந்துச்சா?"

பிறந்ததிலிருந்து அவன் அவளிடம் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. கொஞ்சம் காத்திருக்கட்டும் என்று அவள் பேசாமல் நின்றாள்.

"ஏய், சொல்லு."

"சரியா இருந்துச்சு."

அவன் மூச்சு விட்டான். அந்த மூச்சு முடிவதற்குள் பழைய ஆள் ஆகிவிட்டான். கதாநாயகனிடமிருந்து சட்டையைக் கழற்றி வாங்கி அவள் பக்கம் நீட்டினான். "இந்தா, ஓடிப் போய் இத நனைச்சு வை. கறை பிடிச்சுக்கும். அடுத்த வாரம் எனக்கு இன்டர்வியூ இருக்கு."

அவள் சட்டையைத் தொடவில்லை. நேற்று எடுத்ததையும் இன்று எடுத்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க, டீக்கடை பெஞ்சில் நெட்டைக்கு அருகே போய் உட்கார்ந்தாள்.

"பச்சத் தண்ணியில முதல்ல அலசு, சோப்பு அப்புறம்" என்றாள். "நீயே போ. எனக்கு இங்க வேலை இருக்கு."